இரண்டு சஹனிலும் ஒரு பங்கு

பரீதா பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்டை தைத்தது அழகுக்காக அல்ல. நிலாவெளிக் கடற்கரையில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தபடி தலையை நிமிர்த்தினால், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நீலக் கடலுக்கும் வெளிறிய மணலுக்கும் நடுவே சிவப்பைப்போல் கண்ணில் குத்தும் நிறம் வேறில்லை. பாடசாலை ஒன்றின் விளையாட்டுப் போட்டிக்குத் தைத்துக் கொடுத்ததில் மிஞ்சிய துணி அலுமாரியில் கிடந்தது. வாடிக்கைக்காரரின் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, சுற்றுலாவுக்கு முந்திய வாரம் முழுவதும் அதையே வெட்டித் தைத்தாள்.

"என்ன மதினி, கோழிக்குஞ்சுக்குச் சாயம் பூசின மாதிரி?" என்று தம்பியின் மனைவி பஸ்மியா சட்டைகளை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். பருந்துக்குப் பயந்து குஞ்சுகளுக்குச் சிவப்பும் ஊதாவும் பூசிவிடுவது ஊர் வழக்கம். பரீதாவும் கூடச் சிரித்தாள். தண்ணீர்தான் அந்தப் பருந்து என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிண்ணியாவில் பரீதாவின் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள் இருந்தன. கணவர் கட்டாரில். பிள்ளைகள் இல்லை. பாடசாலைச் சீருடையும், பெண்கள் வெளியே போகையில் மேலே போடும் அபாயாவும் தைப்பாள். அவள் போட்ட தையல் பிரிந்துவிட்டதென்று யாரும் திரும்பி வந்தது கிடையாது. யாரிடமும் போய்ப் படித்த தொழிலல்ல அது. பழைய உடுப்புகளைப் பிரித்துப் பார்த்து, பிரித்ததை மறுபடி பொருத்தித் தானாகவே கற்றுக்கொண்டாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அவளைப் பொறுத்தவரை பழமொழியல்ல, நடைமுறை. அப்படிப்பட்டவள்மேல்தான், அவள் செய்யாத ஒரு கவனக்குறைவு பழியாக வந்து விழுந்தது.

நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர், தம்பி முனாபின் குடும்பமும் அவனுடைய கூட்டாளிமாரின் குடும்பங்களும் ஒரு விடுமுறை நாளில் கந்தளாய்க் குளத்துக்குப் போயிருந்தார்கள். பரீதா மரநிழலில், அடுப்புப் புகைக்குள், குளத்துக்கு முதுகைக் காட்டி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். முனாபின் இளைய மகன் அஸ்ஹான் அப்போது நடை பழகி முடித்திருந்த பருவம். "புள்ளயப் பாத்துக்கொள்ளுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு பஸ்மியா நண்பகல் லுஹர் தொழப் போனாள். பரீதாவின் காதில் அது விழவில்லை. கேட்டவர்கள், அது பரீதாவுக்குச் சொல்லப்பட்டதென்று எண்ணிக்கொண்டார்கள். பிள்ளை வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் தூக்கிக் கரையில் போட்டார். குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு அழுத பிள்ளை, பின்னேரமே ஐஸ்கிறீம் கேட்டு அடம்பிடித்தது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது பரீதாவுக்குத்தான். திரும்பி வரும் வழியில், மதினியின் பொறுப்பில்தான் விட்டுவிட்டுப் போனதாக பஸ்மியா சொன்னாள். மறுத்துப் பேச அந்த வேனில் ஒருவரும் இருக்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது: "பெத்தவளுக்குத்தான் புள்ளட அரும தெரியும்."

முனாபின் கூட்டாளியின் மனைவி சுஹைராவின் குரல் அது. பரீதா திரும்பிப் பார்க்கவில்லை. மறக்கவுமில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நீண்ட விடுமுறையிலும் முனாப் ஒரே பதிலைத்தான் சொன்னான். வேனில் இடமில்லையாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போனபோதும் இடமில்லை, வெருகலுக்குப் போனபோதும் இடமில்லை. போய்வந்தவர்களின் படங்கள் தொலைபேசியில் வரும். ஒரு படத்தில், வேனின் பின்னிருக்கையில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடத்தில் குளிர்பானப் பெட்டியொன்று சாய்ந்திருந்தது. பரீதா அந்தப் படத்தை அழிக்கவில்லை. யாருக்கும் காட்டவுமில்லை.

இம்முறை முனாப் தானாகவே வந்தான். கதிரையில் இருக்காமல், நிலையில் சாய்ந்து நின்று, கதவின் கீலைப் பார்த்தபடி, "இந்த முற பெரிய வேன் ராத்தா" என்று அக்காவிடம் சொன்னான்.

காரணம் ஷாமிலா. முனாபின் மூத்தவள். சில மாதங்களுக்கு முன்னர்தான் பெரிய பிள்ளையானாள். சனி ஞாயிறுகளில் மாமியிடம் வந்து தையல் பழகுவாள். மாமி வராவிட்டால் தானும் வரவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

பரீதா சம்மதித்தாள். அன்றிரவே பயமும் தொடங்கியது. இம்முறை ஒரு பிள்ளையின் முழங்காலில் தோல் உரிந்தாலும் அது தன் தலையில்தான் விழும். அதன் பிறகு எந்த வேனும் பெரிதாக இராது. ஷாமிலாவை வீட்டுக்கு அனுப்புவதையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் சிவப்புத் துணி வெளியே வந்தது. ஷாமிலாவுக்கு மட்டும் அவள் சிவப்பில் தைக்கவில்லை. வளர்ந்த பிள்ளைக்குக் குஞ்சுச் சட்டை எதற்கு? நல்ல கடும்நீலத்தில், கைவிளிம்பில் மெல்லிய வேலைப்பாடு வைத்து அபாயா ஒன்று தைத்துக் கொடுத்தாள். தலைச் சால்வைக்குக் குத்த, நீலமணித் தலை வைத்த ஊசி ஒன்றும் கொடுத்தாள்.

கடற்கரையில் அன்று கச்சான் காற்று. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அது. கடல் பாலைப்போலத் தட்டையாகக் கிடக்கும். பார்ப்பவருக்கு ஒரு பயமும் தோன்றாது. ஆனால் மிதக்கிற எதையும் அந்தக் காற்று மெல்ல மெல்ல வெளியே கொண்டுபோய்விடும். வந்து இறங்கிய சற்று நேரத்திலேயே பிள்ளைகளின் பந்தொன்று அப்படிப் போயிற்று. ஆண்கள் நீந்திப் போய் எட்டமுடியாமல் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். பரீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போகும் பந்தை அது புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்களுக்கு அது நல்ல நாள். சவுக்கு மரங்களுக்கடியில் பாய் விரித்து, பெண்கள் காலை நீட்டிக் கதைத்தார்கள். சுஹைரா எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படமெடுத்தாள். ஆண்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் கடலில் போட்டார்கள். பரீதா மூன்று கல்லை வைத்து நெய்ச்சோற்றுக்கு உலை ஏற்றினாள். அகப்பையைப் போடுவாள், நிமிர்வாள், சிவப்பைப் பார்ப்பாள், குனிவாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இந்தப் பூனைக்கு அடுப்பங்கரையை விட்டால் போக்கிடம் இருக்கவில்லை.

அடுப்படியில் இருந்தபடியே வேறு இரண்டு விடயங்களையும் அவள் கேட்டாள். சின்னதுகள் கையைப் பிடித்து இழுக்க, ஷாமிலா கடல் பக்கம் நடந்தபோது, பஸ்மியா பாயில் இருந்தே தடுத்தாள்.

"நீ இன்னும் சின்னப்புள்ளயா? ஆம்புளையள் குளிக்கிற இடத்துல உனக்கென்ன வேல?"

ஷாமிலா திரும்பி வந்து பாயின் ஓரத்தில் அமர்ந்தாள். அங்கே யாருடையதோ பேறுகாலக் கதை நடந்துகொண்டிருந்தது. சுஹைரா கதையை நிறுத்தி, "பெரியாக்கள் கதைக்கக்குள்ள வாயப் பாத்துட்டு இரிக்காம, போய்ச் சின்னதுகளப் பாரு புள்ள" என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். ஷாமிலா எழுந்து போனாள். எந்தப் பக்கம் போனாள் என்று பரீதா பார்க்கவில்லை. அந்த நேரத்தில் சோறு தம்மில் இருந்தது. கண்கள் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தன.

சாப்பாட்டு நேரம் வந்தது. ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டைத்தான் சஹன் என்பார்கள். நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் முட்டையும் அச்சாறும் வைப்பார்கள். அவரவர் தமக்கு முன்னால் உள்ள பக்கத்திலிருந்து எடுத்து உண்ண வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் சஹன் வைத்தாள் பரீதா. பிறகு பெண்களுக்கு. பரிமாறுகிறவள் கடைசியில்தான் உண்பாள்.

பிள்ளைகள் கழுவிக்கொண்டு ஓடிய பிறகு அவர்களுடைய சஹனை எடுக்கப் போனாள். சுற்றிவர வழித்துத் தின்றிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும், வெட்டிவைத்த வட்டிலப்பத் துண்டுபோல், சோறு அப்படியே நின்றது. அதன்மேல் ஒரு கோழித்துண்டும் அரை முட்டையும்.

"இது யார்ட பங்கு மகன்?" என்று அஸ்ஹானைக் கேட்டாள்.

"ஷாமிலா ராத்தாட. அவ உம்மாவோட இரிக்கா. வருவா எண்டு நாங்க கை வெக்கல்ல."

பரீதாவின் மனம் குளிர்ந்தது. கோழித்துண்டைக்கூட எடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபடி, சஹனைத் தூக்கிக்கொண்டு பெண்களிடம் போனாள். அங்கேயும் சாப்பாடு முடிகிற நேரம். பஸ்மியாவுக்குப் பக்கத்தில், அதேபோல் ஒரு பக்கம் கைபடாமல் நின்றது.

"இது?"

"ஷாமிலாட. சின்னதுகளுக்கு ஊட்டிட்டு வருவாள் எண்டு வெச்சிரிக்கன்."

பரீதா கையிலிருந்த சஹனைப் பாயில் வைத்தாள். இரண்டு சஹனிலும் ஒரு பங்கு. உரியவள் இரண்டிலும் இல்லை. நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். சிவப்பெல்லாம் சரியாக இருந்தது. ஒன்றும் குறையவில்லை. காலையிலிருந்து அவள் பார்த்துப் பார்த்து வந்த கணக்கில் ஷாமிலா ஒருமுறையேனும் சேர்ந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடலின் நிறத்தில் உடுப்புத் தைத்துக் கொடுத்தவளும் அவளேதான்.

அதன்பின் எல்லாம் ஒரேயடியாக நடந்தது. முனாப் உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினான். மற்ற ஆண்கள் படகுக்காரர்களிடம் ஓடினார்கள். சுஹைரா வேனுக்குள் பார்த்தாள், கழிப்பறைப் பக்கம் பார்த்தாள். பஸ்மியா எழுந்த இடத்திலேயே நின்றாள். சோறு ஒட்டிய கையோடு பரீதாவைப் பார்த்து, "அடுப்படியில இரிந்த நீங்களும் காணல்லயா மதினி?" என்று கேட்டாள்.

பழைய குரல். பழைய கேள்வி. பதில் சொல்லும் நேரமல்ல அது. பரீதாவின் மூளை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் விடுதிகளும், புறாத்தீவுக்கு ஆளேற்றும் படகுகளும், குளிக்கும் ஆண்களும். ஆண்கள் குளிக்கும் இடத்துக்குப் போகாதே என்று காலையில் ஏச்சு வாங்கிய பிள்ளை அந்தப் பக்கம் போகமாட்டாள். மறுபக்கம் மீனவர் தங்கும் வாடிகள். பரீதா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வாடிப்பக்கம் நடந்தாள். சிறிது தூரத்தில் நடை ஓட்டமாகியது.

வாடிக்கு முன்னால் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கண்டு நின்றாள். அவள் பெயர் புஸ்பராணி என்பது பிறகுதான் தெரிந்தது. மூச்சு வாங்க, கடும்நீல அபாயா போட்ட பிள்ளையைக் கண்டீர்களா என்று கேட்டாள்.

"ஓம், ஒரு பிள்ளை தனியப் போனது. அங்கால வள்ளங்கள் ஏத்தி வச்சிருக்கிற பக்கம். பின்னால ஆக்கள் வருகினமாக்கும் எண்டு நான் நினைச்சன்" என்றாள் புஸ்பராணி. பரீதாவின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள். "கேட்டிருக்கலாம். கேக்காமல் விட்டிட்டன். நில்லுங்கோ, நானும் வாறன்."

இவளும் நினைத்திருக்கிறாள். எல்லோரும் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

வள்ளங்களுக்கு இந்தப் பக்கம், கம்புகளில் காயப்போட்ட வலை ஒன்று காற்றில் புடைத்து நின்றது. அதில் ஒரு சால்வை. ஷாமிலாவின் சால்வை. பரீதாவின் கால்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. யா அல்லாஹ் என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு அருகே போய்ப் பார்த்தாள். சால்வை நான்காக மடிக்கப்பட்டு, காற்று கொண்டுபோகாதபடி வலையின் இரண்டு கண்ணிகளோடு சேர்த்து ஊசி குத்தப்பட்டிருந்தது. நீலமணித் தலை வைத்த ஊசி. துணியைக் காற்றுக்கு விடாதே என்பது தையலில் அவள் சொல்லிக்கொடுத்த முதற்பாடம். திரும்பி வர நினைக்காதவள் சால்வையை இவ்வளவு பக்குவமாகக் குத்திவைக்கமாட்டாள். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பரீதா மிச்சத் தூரத்தைக் கடந்தாள்.

கடைசி வள்ளத்துக்கு அப்பால், மணல்திட்டு ஒன்று கடலைத் தடுத்த இடத்தில், முழங்காலளவுத் தண்ணீர் குளம்போல் நின்றது. அதற்குள் ஷாமிலா அமர்ந்திருந்தாள். இடுப்புவரை நனைந்து, கைகளால் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். காலடி கேட்டுத் திரும்பியவளின் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. மாமியின் முகத்தைக் கண்டதும் அது போய்விட்டது.

பரீதா தண்ணீருக்குள் இறங்கி, பிள்ளையின் தோள், கை, தலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளேயே அமர்ந்துவிட்டாள். பின்னால் வந்த புஸ்பராணி பார்த்துவிட்டு, "சரி, பிள்ளை கிடைச்சிட்டுது. இனி அழுறதெண்டா ஆறுதலா அழுங்கோ. நான் போய் உங்கட ஆக்களுக்குச் சொல்லுறன்" என்று திரும்பினாள்.

"ஏன் மகள் சொல்லாம வந்த?" என்று பரீதா கேட்டாள்.

ஷாமிலா தண்ணீரைப் பார்த்தாள். "சின்னப்புள்ளயள்ட சஹன்ல இரிந்தா உம்மா ஏசுவா. பெரியாக்கள்ட சஹன்ல இரிந்தா எல்லாரும் கதைய நிப்பாட்டுறாங்க. எனக்கு எந்த சஹன் எண்டு விளங்கல்ல மாமி. பசிக்கல்ல எண்டு நினைச்சிட்டு வந்துட்டன்."

"பசிச்சிதா?"

"இப்ப பசிக்கிது."

பரீதா ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உனக்குச் சிவப்புல தைக்காதது என்ட பிழ" என்றாள்.

"தைச்சிரிந்தாலும் நான் போட்டிரிக்க மாட்டன். கோழிக்குஞ்சு மாதிரி."

முனாபும் பஸ்மியாவும் ஓடிவந்தார்கள். பஸ்மியா மகளின் தோளில் ஓர் அடி போட்டாள். அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. பிறகு மகளின் தலைக்கு மேலாகப் பரீதாவைப் பார்த்தாள். நனைந்த உடையோடு தண்ணீருக்குள் இருப்பவளைப் பார்த்ததும் அவள் மனம் வழக்கமான வழியிலேயே போயிற்று.

"நீங்களா மதினி இங்க கூட்டிட்டு வந்த?"

இத்தனை வருடமும் வாயைத் திறக்காதவள் அப்போது திறந்தாள். கோபமாக அல்ல. தையல் எங்கே பிசகியிருக்கிறது என்று வாடிக்கைக்காரருக்குக் காட்டும்போது பேசுவதைப்போல.

"இல்ல பஸ்மியா. வா, உனக்கு ஒண்டு காட்டுறன்."

சவுக்கடியில் இரண்டு சஹன்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. மணல் விழாதபடி யாரோ மூடிவைத்திருந்தார்கள். பரீதா இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆண்களும் பெண்களும் சுற்றி நின்றார்கள்.

"இது புள்ளயள் வெச்ச பங்கு. இது நீ வெச்ச பங்கு. ரெண்டும் இரக்கத்துல வெச்சதுதான். அதுகள் உன்னோட எண்டு நினைச்சிதுகள், நீ அதுகளோட எண்டு நினைச்ச. நான் சிவப்ப மட்டும் பாத்துட்டு இரிந்தன். இதுல ஒராள மட்டும் குத்தம் செல்ல ஏலாது." சற்று நிறுத்தினாள். "கந்தளாயிலயும் இப்படித்தான் நடந்த. அண்டைக்குக் காட்டுறதுக்கு எனக்குச் சஹன் இரிக்கல்ல."

சுஹைரா தன் தொலைபேசியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்மியா இரண்டு சோற்றையும் மாறிமாறிப் பார்த்தாள். மன்னிப்பு என்ற சொல் அந்தக் குடும்பத்தில் புழக்கத்தில் இல்லாதது. அவள் குனிந்து, பிள்ளைகளின் சஹனில் இருந்த பங்கைக் கையால் வாரி, பெண்களின் சஹனில் இருந்ததோடு சேர்த்தாள். கோழித்துண்டு மேலே வந்தது. ஷாமிலாவை இழுத்து இருத்தினாள். பிறகு பாயில் ஓர் இடத்தைக் கையால் தட்டி மணலை உதறினாள்.

"நீங்களும் இன்னம் திங்கல்லதானே மதினி. இரிங்க."

பரீதா இருந்தாள். ஆறிய சோறு. வாய்க்குள் போனதும்தான் எவ்வளவு பசி என்று தெரிந்தது. ஷாமிலா அரை முட்டையைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினாள். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பொழுது சாயும் முன்னரே வேனில் ஏறினார்கள். எல்லோரும் ஏறியாச்சா என்று முனாப் கேட்டான். ஓம் என்று பல குரல்கள் ஒன்றாகச் சொல்லின. பரீதாவுக்கு அந்த 'எல்லோரும்' போதவில்லை. இருக்கையில் இருந்து திரும்பி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். முதலில் ஷாமிலா. பிறகு அஸ்ஹான். பிறகு மற்றவர்கள், சுஹைரா உட்பட. கூப்பிடப்பட்டவர்கள் பகிடியாகப் பள்ளிக்கூடத்துக் குரலில் பதில் சொன்னார்கள். அவள் சிரிக்காமல் முடித்துவிட்டு முன்னால் திரும்பினாள்.

"மதினி?" என்று முன்னிருக்கையில் இருந்து பஸ்மியா கூப்பிட்டாள்.

பரீதாவுக்கு முதலில் விளங்கவில்லை. வேன் புறப்படாமல் நின்றது. பஸ்மியா திரும்பாமலே மறுபடி கூப்பிட்டாள்.

"இரிக்கிறன்" என்றாள் பரீதா.

கிண்ணியாப் பாலம் வந்தபோது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். பரீதா மடியில் சாய்ந்திருந்த ஷாமிலாவின் சால்வை நுனியைப் பிடித்தபடி, அக்கரை வரும்வரை கண்ணை மூடவில்லை.